போர்டில் மட்டும் பாடும் பெட்டி

கார் சீட்டுக்கு அடியில் கை விட்டவர்களுக்குத்தான் மனிதர்களைப் பற்றி முழுதாகத் தெரியும். மேலே வாசனைப் புட்டியும் துடைத்து மினுக்கிய டேஷ்போர்டுமாக இருக்கும். முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்தால் வேறொரு உலகம். காய்ந்த சூயிங்கம், தலைமுடிச் சுருள், பிஸ்கட் தூள், ஜோடி இழந்த சாக்ஸ், எப்போதோ கொட்டிய பால் புளித்து இறுகிப்போன கார்ப்பெட். இருபத்திரண்டு வருடமாக அவள் அங்கே கை விட்டுக்கொண்டிருக்கிறாள். குட்டி ஆம்ப்ளிஃபயர்கள் குடியிருக்கிற இடம் அதுதான்.

அன்று காலை அவள் கை விட்டது ஒரு மருந்துக் கம்பெனி பிரதிநிதியின் வண்டியில். விரலில் ஏதோ பிசுபிசுத்தது. வெளியே இழுத்துப் பார்த்தாள். பாதி சப்பிய இருமல் மிட்டாய். அதில் நீளமாக ஒரு முடி.

"சாரி மேடம். வாரத்துல ஆறு நாள் வண்டியிலதான் குடும்பம் நடத்துறேன்," என்றார் அவர்.

"நல்லாத்தான் நடத்துறீங்க," என்று அவள் மிட்டாயைத் தட்டிவிட்டாள். போக மாட்டேன் என்றது. பழைய துணியில் துடைத்துப் போட்டாள்.

கடையில் அவருக்கு 'மாத்திரை' என்று பெயர். டிக்கி நிறைய மருந்து சாம்பிள் பெட்டிகள். பெரிய ஆம்ப்ளிஃபயர் வைக்க அங்கே இடமில்லை. அதனால்தான் தடித்த புத்தகம் அளவுள்ள குட்டியை வாங்கி சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு போனார். போனவர் இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருக்கிறார்.

"அரை மணி நேரம் ஒண்ணும் தெரியல மேடம். அப்புறம் பாடுறவங்க எல்லாரும் தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி ஆயிடுது. சத்தத்தைக் கூட்டினா பல்லு கூசுது. கடைசியில அணைச்சாத்தான் நிம்மதி. நிம்மதிக்குன்னு வாங்கினதை அணைச்சு வெச்சுட்டு ஓட்டுறேன்."

முதல் தடவை வந்தபோது கதவு அதிர்கிறது என்று சொல்லி, கதவுக்குள் கம்பளி அடைத்து அனுப்பினாள். இரண்டாவது தடவை, பாட்டுகளைத் தரமில்லாமல் பதிவிறக்கியிருக்கிறீர்கள் என்று அவர்மேலேயே பழியைப் போட்டு அனுப்பினாள். இன்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு பாட்டைப் போட்டாள்.

மெல்லிய இடங்களில் ஒழுங்காகத்தான் போயிற்று. குரல் மேலே ஏறியதும் மூச்சு போதாத ஆள் எட்டிக் கத்துவதுபோல் ஆயிற்று. 'ச'வும் 'ஷ'வும் சீறின. தாளத்தின் ஒவ்வொரு அடியும் தோலில் விழாமல் அட்டைப்பெட்டியில் விழுந்தது. ஒலியின் தலையை யாரோ வரிசையாக வெட்டிப் போட்டுக்கொண்டே வந்தார்கள்.  அணைத்தாள்.

இதே பெட்டி கடைக்குள், வாங்க வருகிறவர்கள் கேட்டுப் பார்க்கிற போர்டில் தேனாகப் பாடுகிறது. நேற்றுகூடக் கேட்டாள். அதுதான் அவளை ஆறு மாதமாகத் தின்றுகொண்டிருந்தது.

கடை அவள் கொழுந்தனுடையது. முன்னால் கண்ணாடி போட்ட ஷோரூம், பின்னால் இரண்டு வண்டி நிற்கிற கொட்டகை, பக்கத்தில் அவள் கணவன் ஈயம் உருக்கி வயர் ஒட்டுகிற சால்டரிங் மேசை. கொழுந்தன் வாய், கணவன் கை, அவள் காது என்று மூன்று பேரும் ஒரு ஆளாகத் தொழில் செய்து வந்தார்கள். வண்டி உள்ளே நுழையும்போதே, "இடது கதவு ஸ்பீக்கர்ல ஒரு திருகு லூசு" என்று சொல்லிவிடுவாள். கழற்றிப் பார்த்தால் ஆடும். ஓட்டுநர்கள் கடைப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், "காதுக்காரிகிட்ட விட்டிருக்கேன்" என்பார்கள். இரண்டு பட்டம் வாங்கியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

ஷோரூம் சுவரில் இருக்கும் டெமோ போர்டு அவளே கட்டியது. ஒரு பிளேயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர், நடுவில் சூட்கேஸ் மூடி அளவில் ஒரு பெரிய ஆம்ப், பக்கத்தில் ஒரு குட்டி. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பெருசு பாடும், பச்சையை அழுத்தினால் குட்டி பாடும். பாட்டு நிற்காமல் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மனிதக் காது சத்தத்துக்கு அடிமை. ஒரே பாட்டை ஒரே பெட்டியில் ஒரு இழை கூட்டி வைத்தால் போதும். கேட்கிறவர் 'சத்தம் அதிகம்' என்று சொல்லவே மாட்டார். 'தெளிவா இருக்கு' என்பார், 'உயிர் இருக்கு' என்பார், பர்ஸை எடுப்பார். இதை வைத்தே பிழைக்கிற கடைகள் உண்டு. நம் கடை அப்படி இருக்கக் கூடாது என்று அவள் மீட்டர் வைத்து இரண்டு பெட்டியின் சத்தத்தையும் மயிரிழை பிசகாமல் சமன் செய்து, சத்தத்தைத் தீர்மானிக்கிற திருகுகளின்மேல் அரக்குச் சிவப்பு நகப்பாலிஷை ஒவ்வொரு சொட்டு விட்டுக் காய வைத்தாள். யாராவது திருகினால் பாலிஷ் விரியும், உடனே தெரிந்துவிடும். அவள் சொட்டு விடும்போது டார்ச் பிடித்தது கணவன்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு பொறுமையா நகப்பாலிஷ் போட்டுக்கல," என்றான்.

அவள் சிரித்த சிரிப்பில் ஒரு சொட்டு சட்டத்தில் விழுந்தது. இன்றும் அங்கே இருக்கிறது.

போன வருடக் கடைசியில் கொழுந்தன் கடையின் சொந்தப் பெயர் அச்சிட்ட குட்டியைக் கொண்டுவந்தான். அட்டையில் 'ஆயிரம் வாட்' என்று தீப்பொறி பறக்க எழுதியிருந்தது. அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"தம்பி, இதுல பதினஞ்சு ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கு. கார் பேட்டரி பன்னெண்டு வோல்ட். பெருக்கினா நூத்தி எண்பது வருது. மிச்ச எண்ணூத்தி இருபது எங்கேருந்து வரும்? சொந்தக்காரங்க அனுப்புவாங்களா?"

"அது அட்டைக்கு அடிக்கிற கணக்கு அண்ணி. அட்டைக்கு யாராச்சும் ஃபியூஸ் போடுவாங்களா? இன்னைக்கு ஆயிரத்துக்குக் கீழ எழுதினா பொம்மைக் கடைக்குப் போன்னு சொல்லுவான்."

சின்னது என்பதற்காகவே அவள் எதையும் ஒதுக்குகிறவள் இல்லை. உள்ளங்கை அளவுப் பெட்டிகள் சில அவளையே சொக்க வைத்திருக்கின்றன. போர்டில் மாட்டுவோம், காது சொல்லட்டும் என்றாள். தானே மாட்டினாள், தானே சமன் செய்தாள், தானே சொட்டு விட்டாள். முதல் வாரம் கேட்டவர்களில் பெரும்பாலோர் பெருசையே காட்டினார்கள். கொழுந்தன் முகம் தொங்கிப்போயிற்று.

பிறகு அவள் அக்கா மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாள். வந்து பொத்தானை அழுத்திப் பார்த்தால் குட்டி நன்றாகப் பாடிற்று. பெருசு கொஞ்சம் மந்தமாக, போர்த்திக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது. உடனே குனிந்து பாலிஷைப் பார்த்தாள். இரண்டு சொட்டும் விரியாமல் அப்படியே இருந்தன. சந்தேகம் தீராமல் இரண்டு பெட்டியையும் கழற்றி மேசைக்குக் கொண்டுபோய், மேசை வயரில் இணைத்து அளந்தாள். அச்சாகச் சமம்.

"புதுசுல்ல, ஓட ஓடப் பழகிடுச்சு," என்றான் கணவன், ஈயப் புகையை ஊதி விலக்கிக்கொண்டே.

இந்தத் தொழிலில் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை, பாதி பேய்க்கதை. அவள் உண்மைப் பாதியை எடுத்துக்கொண்டாள்.

கொழுந்தன் விடவில்லை. ஒருநாள் வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் இருக்கும்போது அவளைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துப் பத்து தடவை பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினான். பத்துக்குப் பத்து அவள் குட்டியையே 'நல்லது' என்றாள். கைதட்டினார்கள். அடுத்த வாரம் வாசலில் ஆள் உயர அட்டைப்படம் நின்றது. காதில் விரல் வைத்துச் சிரிக்கும் அவள், கீழே 'காதுக்காரியின் தேர்வு'. அலமாரியில் அடுக்க அடுக்கக் குட்டிகள் காலியாயின.

அப்புறம்தான் ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். அவள் வண்டிகளில் உட்கார்ந்து கேட்டாள். கேட்ட வண்டியிலெல்லாம் அதே வெட்டு, அதே சீறல்.

"தம்பி, இந்தப் பெட்டி சரியில்ல."

"நேத்து போர்டுல கேட்டு நல்லாயிருக்குன்னீங்க. இன்னைக்குக் கார்ல கேட்டு நல்லாயில்லங்கறீங்க. நான் எந்த அண்ணி பேச்சைக் கேக்கட்டும், சொல்லுங்க?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பைத் துடைத்துவிட்டுச் சொன்னான்: "தப்பா எடுத்துக்காதீங்க. வயசு அம்பதைத் தொடுது. காதை ஒரு தடவை காட்டிட்டு வாங்களேன்."

அந்த வார்த்தை உள்ளே போய்ப் பாம்பு மாதிரி சுருண்டுகொண்டது. காது போனால் அவளிடம் வேறென்ன இருக்கிறது? அவள் பாலிஷைப் பார்த்திருக்கிறாள். மீட்டரைப் பார்த்திருக்கிறாள். பெட்டிகள் சமம், போர்டு சரி. அப்படியென்றால் மாறுவது காதுதான்.

பரிசோதனைக்குக் கணவன் கூடவே வந்தான். பஞ்சு அடைத்த சின்ன அறைக்குள், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, 'பீப்' கேட்கும்போதெல்லாம் அவள் பட்டனை அழுத்தினாள். கேட்காத இடைவெளிகளில் தன் ரத்த ஓட்டம் கேட்டது. "உங்க வயசுக்குச் சரியா இருக்கு. மேல் சுருதி லேசா இறங்கியிருக்கு, எல்லாருக்கும் இறங்குறதுதான்," என்றாள் பரிசோதித்த பெண். காதுக்காரியின் காதில் 'இறங்கியிருக்கு' மட்டும் விழுந்தது. வெளியே வந்தபோது கணவன் அவளுடைய கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கவலைப்படாதே. காது போனா என்ன, நான் இருக்கேன்ல," என்றான்.

அந்தச் சொல்லுக்கு அவள் அன்று அவன் தோளில் சாய்ந்து வழியெல்லாம் அழுதாள்.

இப்போது மாத்திரை வண்டிக்கு வெளியே நின்று தயங்கினார். எதையோ சொல்ல வாயெடுத்து இரண்டு தடவை விழுங்கினார்.

"மேடம், தப்பா நினைக்கக் கூடாது. வேற யாராச்சும் ஒருத்தரை விட்டு இதை டியூன் பண்ணலாமா? உங்களுக்குக் காதுல கொஞ்சம் பிரச்சினை, வைத்தியம் பாக்குறீங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"உள்ள சால்டரிங் பண்றாரே, அவருதான். ரொம்பத் தன்மையா சொன்னாரு. 'அவங்ககிட்ட கேட்டுடாதீங்க, மனசு கஷ்டப்படும்'னு வேற சொன்னாரு. நான்தான் உளறிட்டேன்." அவர் சட்டைப்பையைத் தடவினார். "எங்க கம்பெனில நரம்புக்கு ஒரு மாத்திரை இருக்கு. நல்ல ரிசல்ட். சாம்பிள் தரட்டுமா?"

அவள் காது மடல் சுட்டது. "வேணாம். இங்கேயே இருங்க," என்று சொல்லிவிட்டு, சீட்டுக்கு அடியில் கை விட்டு குட்டியைக் கழற்றினாள். அதன் அடியில் ஒட்டியிருந்த தலைமுடியோடும் தூசியோடும் அதைத் தூக்கிக்கொண்டு ஷோரூமுக்குள் போனாள். அவருடைய பாட்டு இருந்த பென்டிரைவும் கையில் இருந்தது.

உச்சி வெயில் நேரம், கடையில் ஆள் இல்லை. கொழுந்தன் வெளியே போயிருந்தான். இந்தப் பெட்டியைப் போர்டில் மாட்டிக் கேட்டுவிட வேண்டும், அதற்கப்புறம் காதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். போர்டுக் குட்டியைக் கண்ணாடிக் கூண்டில் பூட்டியிருந்தார்கள், சாவி கொழுந்தனிடம். பெருசின் வயர்கள் கைக்கு எட்டின. அவற்றைப் பிடுங்கி மாத்திரையின் குட்டியில் செருகினாள். இப்போது சிவப்பில் ஒரு குட்டி, பச்சையில் ஒரு குட்டி. சத்தத் திருகையும் பச்சைக் குட்டியின் அளவுக்கே வைத்தாள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே பாட்டு.

பச்சை அழுத்தினாள், பாட்டு முகத்துக்கு நேரே வந்தது. சிவப்பு அழுத்தினாள், போர்த்திக்கொண்டது.

அப்பாடா, இவர் பெட்டிதான் கெட்டுப்போனது என்று ஒரு நிமிடம் நிம்மதி வந்தது. அலமாரியிலிருந்து ஒட்டுப் பிரிக்காத புது அட்டை ஒன்றை உடைத்து, அந்தக் குட்டியை அதே வயரில், அதே திருகளவில் மாட்டினாள். அதற்கும் அதே போர்வை. இரண்டு பெட்டிக்கும் ஒரே நோய் வராது. பெட்டிகளில் வித்தியாசமே இல்லாததால், மிச்சமிருந்த வித்தியாசம் துணியில்லாமல் நின்றது. தெளிவும் இல்லை, உயிரும் இல்லை. வெறும் சத்தம். சிவப்பின் பக்கம் ஒரு இழை குறைவு.

அவள் வயரைக் கையில் எடுத்தாள். பிளேயரிலிருந்து ஆம்புக்குப் போகிற சாதாரண வயர். முனையில் உலோக மூடி போட்ட பின். மூடியை விரலால் திருகிக் கழற்றினாள். செம்புக்கம்பி நேராகப் போய்ப் பின்னில் சேர வேண்டிய இடத்தில், அரிசி மணி அளவில் ஒரு ரெசிஸ்டர் படுத்திருந்தது. சத்தத்தை அங்கேயே கொஞ்சம் குடித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பெருசுக்கு அனுப்புகிற துண்டு. அடுத்த பின்னிலும் அதேபோல் இன்னொன்று. இரண்டுக்கும் மஞ்சள் உறை போட்டு வெகு நேர்த்தியாக மூடியிருந்தது.

உறையை நகத்தால் கீறி விலக்கினாள். உள்ளே ஈயம் பனித்துளிபோல் உருண்டு மின்னியது. ஈயம் வைப்பதற்கு முன் கம்பியின் நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்துவிட்டுத்தான் வைத்திருந்தார்கள். அவசரக்காரர்கள் யாரும் வளைப்பதில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கொக்கியை அவளுக்குத் தெரியும். வருகிறவர்களிடமெல்லாம் காட்டி, "எங்க வீட்டுக்காரர் வேலை, இழுத்தாலும் வராது" என்று பீற்றிக்கொண்டவள் அவள்.

சீட்டுக்கு அடியில் மிட்டாய் ஒட்டியபோது விரலில் ஓடிய அதே கூச்சம் இப்போது உடம்பு முழுக்க ஓடியது.

மேசைக்குப் போய்ப் பின்னை அவன் முன்னால் போட்டாள். கணவன் பார்த்தான். சால்டரிங் இரும்பை ஸ்டாண்டில் வைத்தான். ஈரப் பஞ்சைத் தேவையில்லாமல் நகர்த்தினான்.

"தம்பிதான் கேட்டான்," என்றான்.

"எப்ப?"

"நீ ஊருக்குப் போயிருந்தப்ப. திருகைத் திருப்பச் சொன்னான். நான் மாட்டேன்னுட்டேன்." அவன் நிமிர்ந்து பார்த்தான். பாராட்டை எதிர்பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. "உன் நகப்பாலிஷ் உடைஞ்சா நீ வருத்தப்படுவேன்னு."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. பாதியில் கசந்து திரும்பிற்று.

"அதனால பின்னுக்குள்ள வெச்சீங்க."

"சின்னதுதான். ரெண்டு டெசிபல்கூட வராது."

"எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியும். டெஸ்டுக்கு என்கூட எதுக்கு வந்தீங்க?"

"நீ பயந்துபோயிருந்தே. தனியா எப்படி விடுறது?"

"நான் எதுக்குப் பயந்தேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

அவன் ஈரப் பஞ்சை மறுபடி நகர்த்தினான்.

"என் பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. காது போனா நான் இருக்கேன்னு சொன்னீங்க. நான் உங்கமேல சாஞ்சு அழுதேன்."

"இருக்கேன்ல," என்றான், ரொம்ப மெதுவாக, ரொம்பத் தன்மையாக.

அந்தத் தன்மைதான் தாங்கவில்லை. அவன் சத்தம் போட்டிருந்தால், 'ஆமா செஞ்சேன், என்ன இப்ப' என்று எகிறியிருந்தால், அவளும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பாள். இது தலைமுடியோடு ஒட்டிக்கொண்ட மிட்டாய். தட்டினால் போகாது.

வெளியே கதவு திறந்தது. கொழுந்தன் உள்ளே வந்தான். மேசையில் கிடந்த பின்னைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. முகம் ஒரு நொடிதான் மாறியது, அப்புறம் கடைமுகம் வந்துவிட்டது.

"அண்ணி, உக்காருங்க முதல்ல. வாங்குறவன் என்ன ஸ்டூடியோவா நடத்துறான்? வெளியில ஹாரன் சத்தம், உள்ள புள்ளைங்க சத்தம். அவன் காதுக்கு இது போதும். ஊர்ல எல்லாப் போர்டுலயும் இது இருக்கு."

"நம்ம போர்டுல இல்லன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன்."

"நாங்க யாருகிட்டயும் பொய் சொல்லல அண்ணி. பாட்டைப் போட்டோம், பொத்தானை அழுத்தினோம். நல்லாயிருக்குன்னு சொன்னது அவங்கவங்க காது. ஏன், உங்க காதே பத்துக்குப் பத்து சொல்லுச்சு. அது எங்க தப்பா?"

 அவன் சொன்னதில் அந்த ஒரு வரி உண்மை. இந்தச் சூட்சுமத்தை ஊருக்கே பாடம் எடுத்தவளின் காது, ஒரு இழை சத்தம் கூடியதும் எலும்பைக் கண்ட நாய்போல் பத்து தடவையும் வாலாட்டியிருக்கிறது. பாலிஷைப் பார்த்தாள், பெட்டியை அளந்தாள், வயரை மட்டும் நம்பினாள். வயர் கணவன் கட்டியது என்பதால்.

அவள் அலமாரியிலிருந்து புது வயர் இரண்டு ஜோடி எடுத்தாள். பின்களைத் திறந்து உள்ளே பார்த்து மூடினாள். கொழுந்தன் முன்னால் கையை நீட்டினாள். அவன் கூண்டுச் சாவியைக் கொடுத்தான். பெருசையும் குட்டியையும் மாட்டி, மீட்டரை ஸ்பீக்கர் முனையிலேயே வைத்து அளந்து சமன் செய்தாள். பழைய பாலிஷ் சொட்டுகள் திருகும்போது பொடிந்து உதிர்ந்தன. பிறகு கொட்டகைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"சார், ஒரு நிமிஷம் வாங்க. இந்த ரெண்டு பொத்தானையும் உங்க இஷ்டத்துக்குப் பத்து தடவை அழுத்துங்க. எதை அழுத்துறீங்கன்னு சொல்லாதீங்க, காகிதத்துல எழுதிக்குங்க. நீங்க வண்டியில எவ்வளவு சத்தம் வெப்பீங்களோ அவ்வளவு வெச்சுக்குங்க. இங்க எப்பவும் மெதுவாத்தான் வெப்போம், சத்தம் ஏறினாத்தான் குட்டி பல்லைக் காட்டும்."

மாத்திரை மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மருந்துப் பெயர் போட்ட பேனாவை எடுத்தார். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.  இப்போது தவறினால், பின்னுக்குள் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்கள் சொன்னது மெய்யாகிவிடும். வயசாகிவிட்டது, மேல் சுருதி இறங்கிவிட்டது, நரம்புக்கு மாத்திரை சாப்பிட வேண்டியதுதான்.

பாட்டு ஆரம்பித்தது. மெல்லிய இடத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. அவள் காத்திருந்தாள். குரல் ஏறியது. ஏறி, நின்று, அசையாமல் பாடியது.

"பெருசு."

அடுத்தது. குரல் ஏறியது, தலை வெட்டுப்பட்டது, 'ஷ' சீறியது.

"குட்டி."

பத்து முடிந்ததும் மாத்திரை காகிதத்தை இரண்டு தடவை சரிபார்த்தார். "ஒன்பது சரி மேடம். ஆறாவது மட்டும் தப்பு. நான் அதை மெதுவான இடத்துலயே மாத்திட்டேன்." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "எனக்கே தெரியுதே. நான் வாங்கினப்ப இது ஏன் தெரியல?"

"பாத்தீங்களா, ஒண்ணு தப்பு," என்றான் கொழுந்தன், பழக்கத்தில்.

 காது அவளிடம்தான் இருக்கிறது. ஆறு மாதமாக அவள் ஏங்கிய செய்தி. ஆனால் சந்தோஷம் வரும் என்று பார்த்தால், வாயில் ஈயப் புகையின் ருசிதான் இருந்தது.

"வயரையெல்லாம் இப்படியே விட்டா பெருசுதான் போகும். வெளியே ஒரு வண்டி லோடு குட்டி நிக்குது. கடையை மூடச் சொல்றீங்களா அண்ணி?"

இருபத்திரண்டு வருடத்தில் அவள் கொழுந்தனை 'நீங்க' என்றே அழைத்திருந்தாள். "நீ எதை வேணும்னாலும் வித்துக்க," என்றாள். "இந்தப் போர்டை இனிமே யாரு தொட்டாலும், வர்ற ஆள்கிட்ட எல்லாம் நான் இந்தப் பின்னைத் திறந்து காட்டுவேன். திரும்பி வந்தவங்க நம்பர் எல்லாம் எங்கிட்ட இருக்கு. கதவுல தப்பில்ல, பாட்டுல தப்பில்லன்னு ஒவ்வொருத்தருக்கா நானே சொல்றேன்."

வயர் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஆள் உயர அட்டைப்படம் வெயிலில் சிரித்துக்கொண்டிருந்தது. விரல் வைத்திருந்த அந்தக் காதை மட்டும் சுற்றி வெட்டி எடுத்தாள். அட்டை தடிமன், மூன்று நான்கு தடவை அறுக்க வேண்டியிருந்தது. ஓட்டை வழியாக எதிர்க்கடைச் சுவர் தெரிந்தது.

"முகம் வேணும்னா உன் கடையிலயே இருக்கட்டும். இது என்னோடது," என்று அட்டைக் காதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

கொட்டகையில் மாத்திரையின் வண்டி கதவு திறந்தபடி நின்றது. குட்டியின் பிடிமானப் பட்டைகள் இன்னும் உள்ளே இருந்தன. அவள் முழங்காலிட்டுச் சீட்டுக்கு அடியில் தோள் வரை கையை விட்டாள்.

"சார், டிக்கியில சாம்பிள் பெட்டி எத்தனை இருக்கு?"

"பதினாலு மேடம்."

"மூணைக் குறைக்க முடியுமா? பெருசைப் படுக்க வெச்சுக் காட்டுறேன். பிடிக்கலன்னா நல்ல கம்பெனிக் குட்டி ஒண்ணு இருக்கு, இதைவிடச் சின்னது. அதையும் கேளுங்க. போர்டுல வேணாம். உங்க வண்டியில, உங்க பாட்டுல கேளுங்க."

அவர் டிக்கியைத் திறந்து பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பாமலே யாரென்று தெரிந்தது. சீட்டு வேலை முடிந்தால் கணவன் கை கழுவும் திரவப் புட்டியோடு வருவான். அவள் உள்ளங்கையில் ஊற்றி, விரல் இடுக்கெல்லாம் அவனே தேய்த்துவிடுவான். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து நடக்கிற வழக்கம் அது.

"கையை நீட்டு," என்றான்.

அவளுடைய கை பட்டையின் கடைசித் திருகைத் தேடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்று மறுபடி விரலில் ஒட்டியது. குளிர்ச்சியாக, முடியும் மண்ணுமாக இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"அங்கேயே நில்லுங்க," என்றாள். "கிட்ட வராதீங்க. இந்த அழுக்கே பரவாயில்லாம இருக்கு."